நீராவி எஞ்சினின் குப் குப் ஒலி

நீராவி ரயில் எஞ்சின் குப், குப் என்று ஒலித்துக்கொண்டே ஓடும். கடலில் போகும் நீராவிக் கப்பல் அப்படி ஒலிப்பதில்லை. இரண்டிலும் கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. இருந்தும் ஒலியில் இத்தனை வேறுபாடு. இந்த இரண்டையும் ஒரே கரையில் பார்க்கக் கிடைத்த ஊர் தூத்துக்குடி. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை 1876-இல் அங்கு வந்து சேர்ந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் ‘காலியா’, ‘லாவோ’ இரண்டும் நீராவிக் கப்பல்களே. ரயில் ஏன் ஒலித்தது, கப்பல் ஏன் ஒலிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் நீராவி எஞ்சினின் வேலை முழுவதும் விளங்கிவிடும். பழைய எஞ்சின்களைப் பாதுகாத்து இன்றும் ஓட்டுகிறவர்கள் அந்த ஒலியைக் கேட்க ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்து விளங்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் முழுவதும் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் மூடிய கொதிகலனுக்குள் அடைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். காற்றுமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடைபட்டுக் கிடக்கும் இந்த நீராவிக்கு ஓட்டுநர் ரெகுலேட்டர் கைப்பிடியை இழுத்து வழிவிடுகிறார். அது குழாய் வழியே சிலிண்டருக்கு வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தண்டும் அதோடு பூட்டிய இணைப்புத் தண்டும் சக்கரத்தைச் சுழற்றுகின்றன.

ரயில் எஞ்சினின் சிலிண்டரில் நீராவி ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதில்லை. முன்பக்கம் நுழைந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அடுத்த நொடியில் பின்பக்கம் நுழைந்து முன்னால் தள்ளும். எந்தப் பக்கம் எப்போது திறக்க வேண்டும் என்பதைச் சக்கரத்தோடு இணைந்து அசையும் வால்வு பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்கம் புதிய நீராவி நுழையும்போது மறுபக்கம் வேலை முடிந்த நீராவி வெளியேற வேண்டும். வேலை முடிந்தது என்றாலும் அதில் அழுத்தம் மிச்சம் இருக்கிறது. வால்வு திறந்ததும் அது ஒரே பாய்ச்சலில் வெளியே வருகிறது. அந்தப் பாய்ச்சல்தான் ‘குப்’.

ஒரு சிலிண்டர், ஒரு சுற்றுக்கு இரண்டு பாய்ச்சல். எஞ்சினின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு சிலிண்டர் இருப்பதால் ஒரு சுற்றுக்கு நான்கு. இணைப்புத் தண்டுகள் சக்கரத்தைத் திருப்பப் பிடிக்கும் இடது, வலது வளைதண்டுகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பூட்டியிருப்பார்கள். ஒரு பக்கத்துப் பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் நின்று சக்கரத்தைத் திருப்ப முடியாத கணத்தில் மறுபக்கத்துப் பிஸ்டன் பாதி வழியில் முழு பலத்தோடு இருக்கும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் மீண்டும் கிளம்ப முடிவது இதனால்தான். நான்கு ஒலிகளும் சம இடைவெளியில் விழுவதும் இதனால்தான்.

இதைச் சென்னையில் ஓடிய ஓர் எஞ்சினை வைத்தே சரிபார்க்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்டு ஹெவிட்சன் நிறுவனம் 1855-இல் செய்து கிழக்கிந்திய ரயில்வேக்கு அனுப்பிய எஞ்சின் ‘எக்ஸ்பிரஸ்’. அதன் எண்ணைச் சேர்த்து இ.ஐ.ஆர்.-21 என்பார்கள். டெல்லியில் புகழ்பெற்ற ‘ஃபேரி குவீன்’ இதன் உடன்பிறப்பு, எண் 22. நெடுங்காலம் ஓடாமல் நின்ற இ.ஐ.ஆர்.-21-ஐப் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் 2010-இல் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு சென்னையில் பாரம்பரிய ஓட்டங்களில் அது ஓடியது. 2019-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலும் ஓடியது. அதன் இயக்குச் சக்கரத்தின் குறுக்களவு ஆறு அடி. ஒரு சுற்றுக்கு ஐந்தே முக்கால் மீட்டர் போகும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒரு குப். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு இரண்டு ஒலி கேட்கும்; 40 கிலோமீட்டரில் ஏழெட்டு. கடிகாரமும் காதும் இருந்தால் போதும், பக்கத்தில் நின்றே வேகத்தைச் சொல்லிவிடலாம்.

வேகம் இன்னும் கூடினால் எண்ண முடியாது. பிரிட்டனின் ‘மல்லார்ட்’ 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 203 கிலோமீட்டரை எட்டியது. நீராவி எஞ்சின்களின் உலக சாதனை இன்றுவரை அதுதான். அதற்கு மூன்று சிலிண்டர்; ஒரு சுற்றுக்கு ஆறு ஒலி. அந்த வேகத்தில் விநாடிக்கு ஐம்பதைத் தாண்டிவிடும். விநாடிக்கு இருபதுக்கு மேல் போன ஒலிகளை மனிதக் காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை. ஒரே ரீங்காரமாகக் கேட்கும்.

இது வரை சொன்னது ஒலி எங்கே பிறக்கிறது என்பது. வெளியேறும் நீராவியை ஏன் புகைபோக்கி வழியாக அனுப்ப வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு விட்டுவிட்டால் ஆகாதா? ஆகாது. எஞ்சினின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வேம்பார்ப் பக்கத்துப் பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பை எண்ணிப் பார்க்கலாம். பதநீர் இறுகி வரும் வரை ஒருவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஓலையும் விறகும் தள்ளிக்கொண்டே, தீ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கு வேண்டிய காற்று தானாக வருகிறது. அதன் வேகத்தை அடுப்பால் கூட்டிக்கொள்ள முடியாது. ரயில் எஞ்சினுக்கோ அந்த வசதி போதாது. சில சதுர மீட்டர் அளவுள்ள தட்டில் கரியைப் பரப்பி, நூற்றுக்கணக்கான குதிரைத்திறனுக்கு வேண்டிய வெப்பத்தை எடுக்க வேண்டும். தொழிற்சாலையில் என்றால் நூறடி உயரத்துக்குப் புகைபோக்கி கட்டி, சூடான காற்று மேலெழும் இழுப்பினாலேயே தீயை மூட்டலாம். பாலத்துக்கு அடியிலும் குகைக்குள்ளும் நுழைந்து போக வேண்டிய எஞ்சினில் அத்தனை உயரம் வைக்க வழியில்லை.

வெளியேறும் நீராவியே இந்தக் குறையைத் தீர்க்கிறது. எஞ்சினின் முன்தலையில் வட்டக் கதவுக்குப் பின்னால் புகைப்பெட்டி என்ற காலி அறை உண்டு. பின்னால் நெருப்பறையில் எழும் சூடான வாயு கொதிகலனுக்குள் நீளும் பல குழாய்கள் வழியே, சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டு இந்தப் பெட்டிக்கு வந்து சேரும். பெட்டியின் நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே, மேல்நோக்கிய குறுகலான வாய் ஒன்று இருக்கிறது. ஊதுகுழாய் என்று அதைச் சொல்லலாம். சிலிண்டரிலிருந்து வரும் நீராவி இந்த வாய் வழியே புகைபோக்கிக்குள் பாய்கிறது. பாயும் நீராவி தன்னைச் சுற்றியுள்ள புகையையும் கலந்து இழுத்துக்கொண்டு மேலே போகிறது. புகைப்பெட்டியில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, நெருப்பறையிலிருந்து வாயு குழாய்கள் வழியே விரைந்து வருகிறது. அதன் இடத்துக்குக் கரித்தட்டின் அடியிலிருந்து புதுக்காற்று ஏறுகிறது. தீ சீறி எரிகிறது.

ஆக, ஒவ்வொரு குப்பும் தீக்கு ஒரு ஊதல். வண்டி பாரமாக இருந்தால் எஞ்சின் அதிக நீராவி செலவழிக்கும். அதிக நீராவி வெளியேறினால் அதிகக் காற்று உள்ளே இழுபடும். அதிகக் காற்று வந்தால் தீ அதிகம் எரிந்து, செலவான அளவுக்கு நீராவியும் பிறக்கும். தேவையே உற்பத்தியைக் கூட்டுகிறது. இடையில் ஒரு கருவியும் இல்லை, யாரும் எதையும் திருக வேண்டியதும் இல்லை. ஃபயர்மேன் கரியைச் சரியான இடத்தில் போட்டால் போதும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு குழாயால் இதைச் செய்தது எஞ்சினியரிங் வரலாற்றில் மிக அழகான தீர்வுகளில் ஒன்று.

இது ஒரே நாளில் தோன்றியதல்ல. வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையில் 1804-இல் முதன்முதலாகத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓட்டிய ரிச்சர்ட் டிரெவிதிக், வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டபோது தீ நன்றாக எரிவதைக் கண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1829-இல் ரெய்ன்ஹில்லில் நடந்த போட்டியில் இதன் இரண்டு பக்கமும் வெளிப்பட்டது. ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’டில் ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக 25 செப்புக் குழாய்கள் கொதிகலனுக்குள் ஓடின, ஊதுகுழாயும் இருந்தது, அது வென்றது. ஹாக்வொர்த்தின் ‘சான் பரேல்’ எஞ்சினில் ஊதல் மிகக் கடுமையாக இருந்ததால் பாதி எரிந்த கரியே புகைபோக்கி வழியாகப் பறந்து வீணானது.

கப்பலுக்கு இந்த வழி அடைத்திருக்கிறது. கடல்நீரைக் கொதிகலனில் காய்ச்சினால் உப்பு படிந்து கொதிகலன் கெடும். நல்ல தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். நடுக்கடலில் நல்ல தண்ணீர் கிடைக்காது. அதனால் வேலை முடிந்த நீராவியைக் கப்பல் வெளியே விடுவதில்லை. கடல்நீர் ஓடும் குழாய்களின் மேல் அதைப் படவிட்டுக் குளிரவைத்து, திரும்பத் தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புகிறது. நீராவி சட்டெனச் சுருங்கித் தண்ணீராகும்போது வெற்றிடம் உண்டாவதால் பிஸ்டனுக்கும் கூடுதல் இழுப்பு கிடைக்கிறது. வெளியே பாய நீராவி இல்லை; ஆகவே ஒலியும் இல்லை. தீக்குக் காற்று கொடுக்க உயரமான புகைபோக்கியும், பிற்காலத்தில் விசிறிகளும் வேண்டியிருந்தன. ரயில் எஞ்சினோ ஒவ்வொரு குப்பிலும் தன் தண்ணீரை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வழிநெடுக ரயில்நிலையங்களில் யானைத் தும்பிக்கை வடிவத்தில் நின்ற தண்ணீர்க் குழாய்கள் அந்தக் கணக்கை ஈடுகட்டத்தான்.

புகைபோக்கிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது எப்படித் தெரிய வந்தது? சிலிண்டருக்குள் நடப்பதை முதலில் காட்டியது ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த வரைகருவி. சிலிண்டரோடு இணைத்த சிறு பிஸ்டன் ஒன்று அழுத்தத்துக்கேற்ப மேலும் கீழும் அசையும். பெரிய பிஸ்டன் போகிற இடத்துக்கேற்ப தாள் நகரும். பென்சில் ஒரு மூடிய வளைகோட்டை வரையும். அந்தக் கோட்டுக்குள் அடங்கிய பரப்பே நீராவி செய்த வேலை. ஊதுகுழாய் வாய் குறுகலாக இருந்தால் வெளியேறும் நீராவி தேங்கிப் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். அந்தப் பரப்பு சுருங்குவதைத் தாளிலேயே பார்க்கலாம்.

ஓடுகிற வண்டியில் நின்று அளப்பது கடினம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் காஸ் 1891-இல் ஒரு முழு எஞ்சினைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து, அதன் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தினார். எஞ்சின் முழுவேகத்தில் ஓடும். இருந்த இடத்தை விட்டு நகராது. புகைப்பெட்டியின் அழுத்தத்தையும் கரிச் செலவையும் நீராவியின் அளவையும் நிதானமாக அளக்க முடிந்தது. பிரிட்டனில் ஸ்விண்டனிலும், 1948-இல் ரக்பியிலும் இத்தகைய சோதனைக் கூடங்கள் வந்தன. வாயின் அளவு, புகைபோக்கியின் விட்டம், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஆகியவை சிறிது மாறினாலும் எஞ்சினின் திறன் கணிசமாக மாறுவது அளவுகளால் உறுதியானது.

குறுகிய வாய் தீயை நன்றாக ஊதும், பிஸ்டனை மூச்சடைக்க வைக்கும். அகன்ற வாய் பிஸ்டனுக்கு இதம், தீக்குப் போதாது. எஞ்சின் வடிவமைத்த ஒவ்வொருவரும் போராடியது இந்த இழுபறியோடுதான். நீராவி சரியாக எழாத எஞ்சினில் பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் சிலர் மேலதிகாரிக்குத் தெரியாமல் ஊதுகுழாய் வாயின் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை மாட்டிவிடுவார்கள். ‘ஜிம்மி’ என்று அதற்குப் பெயர். பாய்ச்சல் கூர்மையாகி, தீ சீறும். விதிப்படி தவறு என்றாலும், குழாயின் இயல்பை அவர்கள் அனுபவத்தால் சரியாகவே அறிந்திருந்தார்கள். பின்லாந்தின் கைலாலா, பிரான்ஸின் ஷாப்லான் ஆகிய இருவரின் ஆய்வில் உருவான அடுக்கு வாய்கள் ஒரே பாய்ச்சலைப் பல கிளைகளாகப் பிரித்துப் புகையோடு நன்றாகக் கலக்கவைத்தன, எதிரழுத்தமும் குறைந்தது. மல்லார்டின் இரட்டைப் புகைபோக்கிக்குள் இருப்பது அதுதான்.

பிரிட்டனின் ‘லார்டு நெல்சன்’ வகை எஞ்சின்களின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர், வளைதண்டுகளின் கோணத்தை மாற்றி அமைத்ததால் ஒரு சுற்றுக்கு எட்டு ஒலி. இழுப்பு சீராக வந்தது. ஆனால் நீராவி நாலு பெரிய பாய்ச்சலாக வராமல் எட்டுச் சிறு பாய்ச்சலாக வந்ததால் தீக்குக் கிடைத்த ஊதல் மென்மையாகிவிட்டது. ஃபயர்மேன்கள் திணறினார்கள். பின்னர் எஞ்சினியர் புல்லெய்ட் பல வாய்களைக் கொண்ட ஊதுகுழாயைப் பொருத்திய பிறகே அந்த எஞ்சின்கள் தேறின. அவற்றில் ஒன்று, எண் 850, பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் எட்டுத் துடிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த வரலாறு காதாலேயே புரியும்.

கேட்கத் தெரிந்தவருக்கு இந்த ஒலி பல செய்திகளைச் சொல்கிறது. கிளம்பும்போது ஒவ்வொரு குப்பும் உரக்கவும் கனமாகவும் விழும். அப்போது பிஸ்டன் ஓட்டத்தின் பெரும்பகுதிக்கு நீராவி உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெளியேறும்போதும் அழுத்தம் மிச்சம் நிறைய. வேகம் பிடித்ததும் ஓட்டுநர் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து, பிஸ்டன் சிறிது தூரம் போனதுமே நீராவி வரத்தை வெட்டிவிடுவார். உள்ளே அடைபட்ட நீராவி விரிந்து விரிந்து மிச்சத் தூரத்தையும் தள்ளும், வெளியேறும்போது களைத்திருக்கும், ஒலி மென்மையாகும். கரி மிச்சமாவது இங்கேதான். நான்கில் ஒரு ஒலி மட்டும் மங்கலாகவோ இடம் தவறியோ விழுந்தால் வால்வின் அமைப்பில் கோளாறு என்று அர்த்தம். திடீரென்று ஒலிகள் கடகடவென்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடினால் சக்கரம் வழுக்குகிறது. இ.ஐ.ஆர்.-21-இல் ஒரே ஒரு அச்சுதான் இழுக்கிறது. தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள அந்த அச்சின் மேல் விழும் எடை மட்டுமே துணை. ஓட்டுநர் ரெகுலேட்டரைப் பார்த்துத் திறக்காவிட்டால் அது எளிதில் வழுக்கும்.

நிற்கும் எஞ்சினில் குப் இல்லை. ஆகவே ஊதலும் இல்லை. அப்போது கொதிகலனிலிருந்தே சிறிது நீராவியைப் புகைபோக்கிக்குள் விடுவார்கள். நடைமேடையில் நிற்கும் எஞ்சினிலிருந்து விடாமல் கேட்கும் ‘உஸ்’ ஒலி பெரும்பாலும் அதுதான். ஓடும் எஞ்சினில் ரெகுலேட்டரை மூடுமுன் இந்த நீராவியைத் திறந்துவிட மறந்தால், குறிப்பாகக் குகைக்குள், தீ பின்னோக்கிப் பாய்ந்து ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கே வரக்கூடும்.

தமிழ்நாட்டில் இந்த ஒலியின் நுட்பத்தை நாள்தோறும் கேட்கக்கூடிய இடம் நீலகிரி மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை அது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னமானது. கல்லாறுக்கு மேலே பாதை பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அந்தச் சரிவில் ஒவ்வொரு டன் எடையும் ஏறக்குறைய 83 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். வெறும் சக்கரம் அதைத் தாங்காது. அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய இரட்டைச் சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்து ஏறுகிறது. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும்.

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்ட ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்து நீராவியை நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும். பற்சட்டம் தொடங்கியதும் அந்த நீராவி வெளியே போகாமல் மேலே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் போய், பற்சக்கரத்தைச் சுழற்றி, இரண்டாம் முறை உழைத்த பிறகே புகைபோக்கியை அடைகிறது. மேல் சிலிண்டர்கள் பல்லிணைப்பு வழியே பூட்டப்பட்டிருப்பதால் கீழ்ச் சிலிண்டர்களைவிட விரைவாக ஓடும். வண்டியின் வேகம் குறைந்திருக்கும்போதே குப்குப் நெருங்கி விழத் தொடங்கினால், நீராவி இரட்டை வேலைக்கு மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் எஞ்சினைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பீடத்தில் ஏற்றிப் பெயின்ட் அடித்து நிறுத்திய எஞ்சினும் பாதுகாக்கப்பட்ட எஞ்சின்தான். வடிவத்தை அது காட்டும். நீராவி தீயை ஊதி, தீ நீராவியைப் பிறப்பிக்கும் அந்தச் சுழற்சியை ஓடுகிற எஞ்சின் மட்டுமே காட்டும். பிரிட்டனில் தன்னார்வலர்கள் 1951-இல் டாலிலின் பாதையையும் 1960-இல் புளூபெல் பாதையையும் எடுத்து நடத்தத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடவைப்பதற்கு விலை உண்டு. கொதிகலனை நீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேல் அழுத்திச் சோதிக்க வேண்டும்; குழாய்களை அவ்வப்போது மாற்ற வேண்டும்; தீ மூட்டவும் வால்வைச் சரிபார்க்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுப்பாக மாற்ற முடியாத எஞ்சின்கள் இவை. டீசலிடமும் மின்சாரத்திடமும் அவை தோற்றது நியாயமே. தொழில்திறன் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் செலவு தகும்.

அந்தத் திறன் தமிழ்நாட்டில் அழியவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் நீலகிரிப் பாதைக்கு ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து அனுப்பியிருக்கிறது. கரிக்குப் பதில் எண்ணெயை நீராவியால் துளித்துளியாகச் சிதறடித்து எரிக்கும் எஞ்சின்கள் அவற்றில் உண்டு. எரிபொருள் மாறினாலும் புகைப்பெட்டிக்குள் ஊதுகுழாய் அதே இடத்தில்தான் இருக்கிறது.